முதுகெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு புண்ணில் தெளிவாக நீர் கசிகிறது, உட்கார்ந்தால் தலைவலி: எவ்வளவு ஆபத்து?

பெரட்டுக்களம் (சுங்கை சிப்புட், மலேசியா) எழுதியது:

மாமாவுக்காகக் கேட்கிறேன். வயது 54. செம்பனையில் குலை வெட்டுகிற வேலை. இனிப்புநீர் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். இருதயத்துக்காகத் தினமும் கார்டிபிரின் (ஆஸ்பிரின்) 100 மி.கி. கீழ்முதுகில் எல்4-எல்5 எலும்புகள் இருக்கிற இடத்தில் நரம்புப் பாதை குறுகி, கால் மரத்துப்போனதால் ஈப்போவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது. டிஸ்சார்ஜ் கடிதத்தில் "டூரா கிழிந்தது, அங்கேயே தைக்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கிறது.

இன்று பத்தாவது நாள். நேற்றிலிருந்து கட்டு நனைகிறது. ரத்தமும் இல்லை, சீழும் இல்லை, வெறும் தண்ணீர் மாதிரி. உட்கார்ந்த பத்து நிமிஷத்தில் பின்தலை வலி, குமட்டல். படுத்தால் போய்விடுகிறது. காய்ச்சல் இல்லை. தையல் இன்னும் பிரிக்கவில்லை. தோட்டத்து டிரெசர் (கிளினிக் உதவியாளர்) "புண்ணு ஆறும்போது நீர் வடியத்தான் செய்யும்" என்கிறார். மறுசோதனைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. அதுவரை காத்திருக்கலாமா? இதில் உண்மையிலேயே பெரிதாக எது நடக்கும், எதைக் கவனிக்க வேண்டும்?


வார்டு சிஸ்டர் எழுதியது:

தம்பி, காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே போகணும். டூரா என்பது மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி நீரை அடைத்து வைத்திருக்கிற உறை. நீங்க சொல்வதைப் பார்த்தால் அந்தத் தண்டுவட நீர்தான் கசியுது போலிருக்கு.

முதலில் ஆபரேஷன் செய்த இடத்துக்கு போன் போடுங்க. "டூரா கிழிஞ்சு தைச்ச கேஸ், பத்தாவது நாள், புண்ணில் தெளிவான நீர் கசியுது, உட்கார்ந்தா தலைவலி, படுத்தா இல்லை." இதை இப்படியே சொல்லுங்க. "கட்டு நனைஞ்சிருக்கு" என்று மட்டும் சொன்னால் போன் எடுக்கிறவர் டிரெஸ்ஸிங் கேஸ் என்று எழுதி நாளைக்கு வரச் சொல்லிவிடுவார். டூரா என்ற சொல் காதில் விழணும்.

கிளம்பும்வரை அவர் தட்டையாகப் படுத்திருக்கட்டும், மல்லாந்தோ ஒருக்களித்தோ. தலைக்கு ஒரு மெல்லிய தலையணை போதும். கட்டைப் பிரித்துப் பார்க்கிற வேலை வேண்டாம். ரொம்ப ஊறிவிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவி, மேலேயே புது ஸ்டெரைல் காஸ் வைத்து ஒட்டுங்க. நனைந்த இடத்தின் ஓரத்தைப் பேனாவால் வளைத்து மணியைப் பக்கத்தில் எழுதுங்க. ரெண்டு மணி நேரத்தில் கோட்டைத் தாண்டி எவ்வளவு போயிருக்கு என்பது டாக்டருக்கு நாலு பக்க விளக்கத்தைவிட உபயோகம்.

மஞ்சள், பவுடர், யெல்லோ லோஷன், மூலிகைத் தைலம் ஒன்றும் அந்தப் பக்கம் போகக்கூடாது. உருவி விடுகிறவரை யாராவது கூட்டி வந்தால் வாசலிலேயே கோப்பி கொடுத்து அனுப்பிவிடுங்க. புண்ணுக்குப் பக்கத்தில் மெத்தென்று வீக்கம் இருந்தால் அதை அழுத்திப் பார்க்கிறதும் தப்பு. கிளினிக்கில் ஊசி குத்தி அந்த நீரை எடுக்கிறேன் என்று சொன்னால் ஒத்துக்காதீங்க. தோலிலிருக்கிற கிருமிக்கு அந்த ஊசியே பாதை ஆகிடும்.

இன்னொன்றும் சொல்வார்கள், சர்க்கரை பார்க்கிற ஸ்டிரிப்பில் அந்த நீரைத் தொட்டுப் பார், சர்க்கரை காட்டினால் தண்டுவட நீர் என்று. அதை நம்பாதீங்க. சாதாரணப் புண் நீரிலும் சர்க்கரை இருக்கும், அதிலும் இனிப்புநீர்க்காரருக்குக் கேட்கவே வேண்டாம். ஆஸ்பத்திரியில் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்று ஒரு டெஸ்ட் உண்டு, அதுதான் சரியானது. அரை மி.லி., ஒரு மி.லி. நீர் போதும். ஆனால் பல இடங்களில் வெளி லேபுக்கு அனுப்புவதால் ரிப்போர்ட் வர நாளாகும். இவ்வளவு தெளிவான அறிகுறி இருக்கும்போது ரிப்போர்ட்டுக்காக யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார மாட்டாங்க.

பானடோல் கொடுக்கிறதுக்கு முன்னாடி டெம்பரேச்சர் பார்த்து எழுதி வையுங்க. மாத்திரை போட்ட பிறகு பார்த்தால் காய்ச்சல் மறைந்திருக்கும். வீட்டில் மிச்சமிருக்கிற ஆன்டிபயாடிக் எதையும் "சும்மா ஒரு பாதுகாப்புக்கு" என்று கொடுக்காதீங்க. உள்ளே தொற்று இருந்தால் அது குணமாகாது, கல்ச்சரில் கிருமி மட்டும் வளராமல் போகும், எந்த மருந்து கொடுப்பது என்று டாக்டர்கள் இருட்டில் தேடணும். கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதையும் குறித்துக்குங்க. மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டி வந்தால் 6 மணி நேரம் வயிறு காலியாக இருக்கணும்.

வண்டியில் பின்சீட்டில் முழங்காலை மடக்கிப் படுக்க வையுங்க. வேன் கிடைத்தால் இன்னும் நல்லது. தோட்டத்துச் செம்மண் ரோட்டில் மெதுவாகப் போகணும். காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, குழப்பம், தூக்கக் கலக்கம், வலிப்பு, கால் திடீரென்று செயலிழப்பு, இதில் ஒன்று இருந்தாலும் சொந்த வண்டி வேண்டாம், 999-க்குப் போன் போட்டு ஆம்புலன்ஸ்.


கோப்பிக்கடை எழுதியது:

பயமுறுத்தாதீங்க சிஸ்டர். ஸ்பைனல் ஊசி போட்ட பிறகும் இதே தலைவலிதான் வரும். மூணு நாள் படுத்து, நல்லா தண்ணி குடிச்சு, கடுங்கோப்பி ரெண்டு வேளை குடிச்சா அடைஞ்சிடும். பிரசவத்துக்கு ஊசி போட்ட எத்தனையோ பேர் இப்படித்தான் சரியானாங்க.


நியூரோ எம்.ஓ. எழுதியது:

கோப்பிக்கடை அண்ணன் சொல்வது ஊசித் துளைக்குச் சரி. ஸ்பைனல் ஊசி 25 அல்லது 27 கேஜ். அதன் விட்டமே அரை மில்லிமீட்டர்தான், அதைச் சுற்றிலும் கை வைக்காத தசை இறுக்கிப் பிடித்திருக்கும். ஆபரேஷனில் கிழிவது சில மில்லிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் போகலாம். அதற்குப் பின்னால் எலும்பை எடுத்த இடம் காலியாக இருக்கிறது. அதற்கும் பின்னால் பிரித்துத் தைத்த தசையும் தோலும். இவருக்கு நீர் தோல்வரை வந்துவிட்டது என்றால் வழி முழுவதும் திறந்திருக்கிறது. கோப்பியிலுள்ள கஃபீன் ரத்தக்குழாயைச் சுருக்கித் தலைவலியைக் கொஞ்சம் குறைக்கும், ஓட்டையைத் தைக்காது.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி எந்த நேரத்திலும் இருப்பது ஏறக்குறைய 150 மி.லி. நீர். ஒரு நாளைக்கு சுமார் 500 மி.லி. புதிதாகச் சுரக்கிறது, அதாவது மணிக்கு 20 மி.லி. ஆகவே கசிவு தீர்ந்துபோய் நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ரப்பர் மரத்தில் வெட்டுவாய்ப் பால் தானே உறைந்து அடைத்துக்கொள்ளும். இந்த நீர் உறையாது. ஓடிக்கொண்டேயிருந்து புண்ணின் உதடுகளையும் சேரவிடாது. அதிக நாள் விட்டால் அந்தப் பாதையே ஒரு குழாய்போல் நிலைத்துவிடும். எழுந்து உட்கார்ந்தால் இடுப்புப் பகுதியில் நீரின் அழுத்தம் படுத்திருக்கும்போது இருப்பதைப்போல் இரண்டு மூன்று மடங்காகும், அதனால்தான் முதல் சிகிச்சை படுக்கை.

இனி, பெரிதாக என்ன நடக்கும் என்ற கேள்வி. இரண்டு வகை. நீர் வெளியே போவதால் வருவது ஒன்று, கிருமி உள்ளே போவதால் வருவது மற்றொன்று. இரண்டுக்குமே வீட்டிலிருப்பவர் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒரே நூல் தலைவலியின் குணம். இப்போது அது உடலின் நிலைக்குக் கட்டுப்படுகிறது: உட்கார்ந்தால் வருகிறது, படுத்தால் போகிறது. அந்தக் கட்டுப்பாடு போய், படுத்தாலும் விடாத வலியாக மாறினால் "பழைய தலைவலிதான்" என்று நினைக்கக்கூடாது. உள்ளே புதிதாக ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

நீர் குறைந்தால் மூளை தன் மிதப்பை இழந்து சற்றுக் கீழே இறங்கும். மூளையின் மேற்பரப்பிலிருந்து டூராவுக்குப் போகிற சிறு சிரைகள் இழுபடும். அதில் ஒன்று அறுந்தால் மூளைக்கும் டூராவுக்கும் நடுவே ரத்தம் தேங்கும், அதுதான் சப்டூரல் ரத்தக்கட்டு. இது நாட்கள், சில சமயம் வாரங்கள் கழித்தும் வரும். முதலில் தலைவலி நிரந்தரமாகும், பிறகு மந்தம், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கைகால் தளர்ச்சி. தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர் என்பதால் உங்கள் மாமா விஷயத்தில் இதை நான் ஒரு படி மேலே வைப்பேன். வோல்டரன் போன்ற வலி ஊசிகளும் இந்த நேரத்தில் வேண்டாம், பாரசிட்டமால் போதும். 500 மி.கி. மாத்திரை இரண்டு, 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளைக்கு எட்டு மாத்திரைக்கு மேல் கூடாது. கல்லீரல் கோளாறு இருந்தால் அதற்கும் குறைவாக, டாக்டரைக் கேட்டு.

சிறுமூளையில் ரத்தக்கசிவு என்று ஒன்று உண்டு. முதுகில் கத்தி வைத்தால் தலையின் பின்பக்கத்தில் ரத்தம் வருவதா என்று கேட்பார்கள். அரிது, ஆனால் நடக்கிறது. காரணம் பெரும்பாலும் வேகமாக அதிக நீர் போவது, குறிப்பாக டூரா கிழிந்தவருக்குப் புண்ணில் உறிஞ்சும் டிரெயின் (வடிகுழாய்) வைத்து அது ரத்தத்தோடு தண்டுவட நீரையும் இழுத்துக்கொண்டிருப்பது. டிரெயின் பாட்டிலில் ரத்தம் வெளுத்து, அளவு மட்டும் ஏறிக்கொண்டே போனால் உறிஞ்சலை நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். வழக்கமாக முதல் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். பத்தாவது நாளில் இதற்கு வாய்ப்புக் குறைவு.

இரட்டையாகத் தெரிவது, காதில் இரைச்சல், காது அடைத்த மாதிரி கேட்பது, இவையும் அழுத்தம் குறைந்ததன் அடையாளங்களே. கண்ணை வெளிப்பக்கம் திருப்புகிற ஆறாவது நரம்பு இழுபடுவதால் இரட்டைப் பார்வை வருகிறது. கசிவு நின்ற பிறகு பெரும்பாலும் சரியாகும், சில வாரங்கள் எடுக்கும், சிலருக்கு மாதங்கள்.

கிருமி உள்ளே போவதுதான் எனக்கு இவரைப் பற்றி அதிகக் கவலை தருகிறது. தோல்வரை பாதை, மேலே இனிப்புநீர். மூளைக்காய்ச்சல் வந்தால் காய்ச்சல், கழுத்து விறைப்பு, வெளிச்சம் பார்க்க முடியாமை, குழப்பம். வயதானவர்களுக்கும் இனிப்புநீர்க்காரர்களுக்கும் இவை எல்லாம் சேர்ந்து வராமல் போகலாம். "இன்றைக்கு ஏதோ சரியில்லை, கூப்பிட்டால் தாமதமாகப் பதில் சொல்கிறார்" என்பதே ஒரே அடையாளமாக இருக்கலாம். ஆஸ்பத்திரியில் முதலில் தலையை சி.டி. எடுத்துவிட்டுத்தான் தண்டுவட நீரை எடுப்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு தொற்று இல்லாமலே அந்த நீரில் வெள்ளணுக்கள் கூடியிருக்கும். அதனால் அணு எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் சர்க்கரை, லாக்டேட், கல்ச்சர் மூன்றையும் பார்ப்பார்கள். லாக்டேட் 4 மில்லிமோலுக்கு மேல் போனால் பாக்டீரியா என்ற சந்தேகம் வலுக்கும். மருந்து கல்ச்சர் வரும்வரை காத்திருக்காது. வான்கோமைசினோடு செஃப்டசிடிம், செஃபெபிம், மெரோபெனம் இவற்றில் ஒன்றைச் சேர்த்து ஏற்றுவார்கள். தோலிலிருக்கிற ஸ்டாஃபிலோகாக்கஸ் வகைகளும், ஆஸ்பத்திரி வாசத்தில் ஒட்டுகிற கிராம்-நெகட்டிவ் வகைகளும் இரண்டுமே இதில் வரும் என்பதால்தான் இந்த ஜோடி. வழக்கமாக 10 முதல் 14 நாள், சில கிருமிகளுக்கு 21 நாள். கசிவை அடைக்காமல் மருந்து மட்டும் ஏற்றினால் திரும்ப வரும்.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, பலர் சொல்ல மறப்பது. எல்4-எல்5 மட்டத்தில் தண்டுவடம் கிடையாது, அது எல்1-எல்2 அளவிலேயே முடிந்துவிடும். அங்கே இருப்பது நீரில் மிதக்கிற நரம்பு வேர்களின் கொத்து. இருமும்போதோ முக்கும்போதோ நீரோடு ஒரு வேர் ஓட்டையின் வழியே வெளியே தள்ளப்பட்டு மாட்டிக்கொள்ளலாம். ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்திருந்த கால்வலி திடீரென்று மின்சாரம் பாய்ந்த மாதிரித் திரும்பும். உட்காருமிடம், தொடையின் உட்புறம் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் போனாலோ அன்றே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகிறதே என்று திருப்திப்படாதீர்கள். நிரம்பி வழிகிற பையும் அப்படித்தான் சொட்டும்.

தோலுக்கு வெளியே வராமல் உள்ளேயே நீர்ப்பை கட்டுவதும் உண்டு. நின்றால், இருமினால் பெரிதாகிற மெத்தென்ற வீக்கம். தொந்தரவில்லாத சிறிய பை தானாக வற்றலாம், பல நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். தோல் வழியே கசிவதற்கு அந்தச் சலுகை கிடையாது.


பெரட்டுக்களம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. போன் போட்டு அந்த நாலு விஷயத்தையும் சொன்னதும் உடனே வரச் சொன்னார்கள். சேர்த்துவிட்டார்கள். தலை சி.டி.யில் ரத்தம் இல்லை. முதுகு எம்.ஆர்.ஐ.யில் புண்ணிலிருந்து டூராவரை நீர்ப்பாதை தெரிகிறதாம். தோலில் கூடுதலாகத் தையல் போட்டு, முதுகில் மேலே வேறொரு இடத்தில் மெல்லிய குழாய் வைத்து நீரை பைக்கு இறக்குகிறார்கள். நீர் போவதுதான் பிரச்சினை என்றால் ஏன் இன்னும் நீரை எடுக்கிறார்கள்? இது நிற்காவிட்டால் அடுத்து என்ன?


நியூரோ எம்.ஓ. எழுதியது:

நல்ல கேள்வி. நீர் அழுத்தம் குறைவான பக்கம்தான் ஓடும். கட்டுப்படுத்திய ஒரு வழியைத் திறந்துவிட்டால் கிழிந்த இடத்தில் அழுத்தம் விழும், அங்கே ஓட்டம் நின்று புண்ணின் உதடுகள் சேர நேரம் கிடைக்கும். வழக்கமான அளவு மணிக்கு 10 முதல் 15 மி.லி., 3 முதல் 5 நாள். அதைவிட நீட்டினால் குழாயே தொற்றுக்கு வழியாகும்.

இதில் தவறு நடப்பது பெரும்பாலும் பார்வையாளர் நேரத்தில். சோறு ஊட்டுவதற்காகச் சொந்தக்காரர் கட்டிலின் பட்டனை அழுத்தித் தலைப்பக்கத்தைத் தூக்குவார். குழாய் திறந்தபடி இருக்கும், குழாயிலிருந்து நீர் சொட்டுகிற அறையின் உயரம் பழைய மட்டத்திலேயே நிற்கும். சில நிமிஷத்தில் 40, 50 மி.லி. இறங்கிவிடும். மேலே சொன்ன சப்டூரல் ரத்தக்கட்டு வருவதற்கு அதுவே போதும். ஆகவே கட்டிலைத் தூக்குவதற்கோ, இவரைத் திருப்புவதற்கோ, கழிப்பறைக்குப் போவதற்கோ முன்பு நர்சைக் கூப்பிட்டுக் குழாயை மூடச் சொல்லுங்கள். படுத்தபின் மட்டம் சரிபார்த்துத் திறப்பது அவர்கள் வேலை. ஒரு மணி நேரத்தில் ஒன்றுமே இறங்காவிட்டாலும் சொல்லுங்கள். குழாய் மடங்கியிருக்கலாம், அப்போது நீர் மறுபடி புண் வழியே வரும்.

நிற்காவிட்டால் மறு ஆபரேஷன். அதற்காகத் தயங்கி இரண்டாவது குழாய், மூன்றாவது குழாய் என்று நாளைக் கடத்துவதை நான் ஆதரிக்க மாட்டேன். உள்ளே பார்த்து, முடிந்தால் 5-0 அல்லது 6-0 என்ற மிக மெல்லிய நூலில் நேராகத் தைப்பார்கள். ஊசி நூலைவிடத் தடிமனாக இருந்தால் தையல் துளையிலேயே கசியும் என்பதால் ஊசியும் நூலும் ஏறக்குறைய ஒரே தடிமனுள்ள கோர்-டெக்ஸ் நூலைச் சிலர் விரும்புகிறார்கள். ஓரம் சேராவிட்டால் அவருடைய கொழுப்பையோ தசையையோ, அல்லது செயற்கைச் சவ்வையோ வைத்து ஒட்டு, மேலே ஃபைப்ரின் பசை. பிறகு மயக்க டாக்டர் நுரையீரலில் அழுத்தத்தைச் சில நொடி ஏற்றிப் பிடிப்பார், கசிகிறதா என்று கண்ணால் பார்ப்பார்கள். தசை உறையைத் தண்ணீர் புகாதபடி தைப்பது டூராத் தையல் அளவுக்கே முக்கியம். ஹைட்ரோஜெல் பசை வகைகள் வைத்தபின் ஊதும். குறுகிய இடத்தில் அதிகம் பூசினால் நரம்பையே அழுத்தும், அதனால் மெல்லியதாகத்தான்.

சிலருக்கு அவர்கள் கையிலிருந்தே 15, 20 மி.லி. ரத்தம் எடுத்து, ஓட்டையை அடைக்க டூராவுக்கு வெளியே செலுத்துவார்கள். தோல் வழியே கசிவும் தொற்றுச் சந்தேகமும் உள்ளவருக்கு அது பொருந்தாது. இவருக்கு ஏன் செய்யவில்லை என்று கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

கார்டிபிரினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், பையிலிருந்து எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறாரா, எந்த வருஷம் என்பதை எழுதிக் கொடுங்கள், சர்ஜனும் இருதய டாக்டரும் பேசி முடிவெடுப்பார்கள். கால் சிரையில் ரத்தம் உறையாமலிருக்க கிளெக்ஸேன் ஊசி போட்டால், முதுகுக் குழாயை எடுப்பதற்கும் அதற்கும் இடைவெளி வேண்டும். தடுப்பு அளவில் போட்ட கடைசி ஊசிக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம். வார்டில் இது தெரிந்ததுதான். ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் மட்டும் ஒரு வார்த்தை கேட்டு வைப்பதில் தப்பில்லை.


நடைப்பயிற்சி எழுதியது:

பிசியோ பக்கத்திலிருந்து. படுக்கை என்றால் மரக்கட்டை மாதிரிக் கிடப்பது இல்லை. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ரெண்டு பாதத்தையும் மேலும் கீழும் இருபது தடவை அசைக்கட்டும். கால் சிரையில் உறைகட்டி வருகிற வாய்ப்புக் குறையும். ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி செய்யலாம். ஆனால் மூச்சை அடக்கி முக்குவது கூடாது. புரளும்போது தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பணும், முதுகு முறுக்கக்கூடாது.

டாக்டர் அனுமதித்த பிறகு எழுப்புவது படிப்படியாக. முதலில் கட்டிலின் தலைப்பக்கம் 30 பாகை, அரை மணி நேரம். தலைவலி இல்லை, கட்டு காய்ந்திருக்கு என்றால் 60. பிறகு கால் தொங்கப்போட்டு உட்காருவது, நிற்பது. எந்தப் படியில் வலி வந்தாலும் முந்தின படிக்குத் திரும்பணும். சொந்தக்காரர்கள் "எழுந்து நடந்தால்தான் தெம்பு வரும்" என்று அவசரப்படுத்துவது இந்த ஒரு கேஸில் கெடுதல்.

வீட்டுக்கு வந்தபிறகு பெரிய எதிரி கழிப்பறை. தோட்டத்து வீடுகளில் குந்துகிற கழிப்பறைதான் அதிகம். குந்தி முக்கினால் வயிற்று அழுத்தம் நேராகத் தையலுக்குப் போகும். நடுவில் ஓட்டை வைத்த கமோட் நாற்காலி வாங்கி மேலே போடுங்க. வலி மாத்திரையில் டிரமடோல் இருந்தால் மலச்சிக்கல் வர வாய்ப்பு அதிகம். மலம் இளக்குகிற லாக்டுலோஸ் சிரப் 15 மி.லி. ரெண்டு வேளை என்று ஆரம்பிக்கலாமா என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்குங்க. இருமல், சளிக்கு உடனே மருந்து. சிகரெட் இருந்தால் நிறுத்தணும். இருமலுக்கும் அதுதான் காரணம், புண் ஆறாததற்கும் அதுதான்.

பொதுவாக ஆறு வாரம் 5 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. ஒரு செம்பனைக் குலையே 15, 20 கிலோ இருக்கும். அதைக் கொக்கியால் இழுத்து, படிவெட்டு மேட்டில் தள்ளுவண்டியில் இறக்குவது முதுகைத் திருகிக்கொண்டே செய்கிற வேலை. நீள அரிவாளை அண்ணாந்து பிடிப்பதும் அப்படித்தான். மூணு மாதத்துக்குள் அந்த வேலைக்கு அனுப்புகிற சர்ஜன் அரிது. தைப்பூசத்துக்குக் காவடியோ பால்குடமோ நேர்ந்திருந்தால் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போடுங்க, முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.


கோப்பிக்கடை எழுதியது:

சரி, ஊசித் துளையும் இதுவும் ஒன்றில்லை என்று விளங்குது. ஒரு சந்தேகம். டிஸ்சார்ஜ் ஆனபின் ராத்திரியில் ஏதாவது என்றால் ஈப்போவரை ஓடணுமா, சிப்புட் ஆஸ்பத்திரிக்கே போகலாமா?


வார்டு சிஸ்டர் எழுதியது:

உயிருக்கு ஆபத்தான அறிகுறி என்றால் கிட்டத்தில் இருக்கிற அவசரப் பிரிவுதான். மூச்சு, ரத்த அழுத்தம் நிலைப்படுத்தி, முதல் ஆன்டிபயாடிக் போட்டு அனுப்புவது அங்கேயே ஆகும். மூளைக்காய்ச்சலில் அந்த முதல் டோஸ் எவ்வளவு சீக்கிரம் போகுதோ அவ்வளவு நல்லது. நியூரோ சர்ஜன் மாவட்ட ஆஸ்பத்திரியில் இருக்க மாட்டார். அவங்களே ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் ஆஸ்பத்திரிக்குப் பேசி அனுப்புவாங்க. காய்ச்சலும் குழப்பமும் இல்லாமல் கட்டு மட்டும் மறுபடி நனைந்தால் படுக்க வைத்து, ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்க. தனியார் செலவு கையை மீறுகிறது என்றால் அதை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லி, அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் கடிதம் கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எங்கே போனாலும் கையில் இருக்க வேண்டியது: டிஸ்சார்ஜ் கடிதம், ஆபரேஷன் குறிப்பின் நகல், எம்.ஆர்.ஐ. சிடி, மாத்திரைப் பட்டியல். டூரா கிழிந்தது எந்த மட்டத்தில், எதனால் அடைத்தார்கள் என்பது ஆபரேஷன் குறிப்பில்தான் இருக்கும். கேட்டு வாங்கணும், தானாகக் கொடுக்க மாட்டாங்க.


கிராணி மகள் எழுதியது:

வேலை விஷயம் யாரும் சொல்லவில்லை. 1955 வேலைச் சட்டம் 60எஃப் பிரிவின்படி, ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிய நோய்க்கு வருஷத்துக்கு 60 நாள் சம்பளத்துடன் விடுப்பு. 2023 ஜனவரியிலிருந்து இது சாதாரண எம்.சி.யோடு (மருத்துவ விடுப்பு) சேர்த்துக் கழிக்கப்படாது, தனி. சாதாரண எம்.சி. வேலை செய்த காலத்தைப் பொறுத்து 14, 18 அல்லது 22 நாள். விடுப்புத் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தெரிவிக்கணும். மண்டோரிடம் (மேற்பார்வையாளர்) வாயால் சொன்னதோடு விடாமல், எம்.சி.யைப் படம் எடுத்து கிராணிக்கு (ஆபீஸ் எழுத்தர்) வாட்ஸ்அப் அனுப்புங்க, நேரம் பதிவாகும்.

மூணு மாதம் கழித்தும் வெட்டு வேலைக்கு உடம்பு ஒத்துழைக்காது என்று தெரிந்தால் பெர்கேசோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) "ரிட்டர்ன் டு வோர்க்" திட்டத்துக்குக் கேளுங்க. வேலை போனபிறகு அல்ல, போவதற்கு முன்னாலேயே. டாக்டர் கடிதத்தில் "லைட் டியூட்டி" என்று மட்டும் எழுதினால் தோட்டத்தில் அதற்கு அர்த்தமே கிடையாது, உதிரிப்பழம் பொறுக்கச் சொல்வார்கள். அது நாள் முழுக்கக் குனிந்து செய்கிற வேலை. "5 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, குனிந்து செய்யும் வேலை கூடாது, இன்ன தேதிவரை" என்று விரிவாக எழுதி வாங்குங்க.